எலிப்பொறியும் துருசுக் கதவும்: ஐந்தாம் தரத்தில் எளிய பொறிகள் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயலும் குளமும் சூழ்ந்த ஒரு சிறிய பாடசாலை. ஐந்தாம் தரத்தில் 19 பிள்ளைகள். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகுதான் எனக்கும் அவர்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை எளிய பொறிகளுக்குச் செலவழித்தேன். முதல் பாடம் முழுவதும் பிழையாகப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஆறு படங்கள் கொண்ட ஒரு தாளைக் கரும்பலகையில் ஒட்டினேன்: நெம்பு, கப்பி, சில்லும் அச்சாணியும், சாய்தளம், ஆப்பு, திருகு. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டேன். “பொறி என்றால் என்ன?”

பின் வரிசையில் ஒரு பையன் எழும்பி “எலிப்பொறி டீச்சர்” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “அது வேற பொறி மனே, இரு” என்று இருத்திவிட்டேன். மற்றப் பிள்ளைகள் வரைந்தவை எல்லாம் எஞ்சின் பூட்டியவை: உழவு மெசின், வெட்டு மெசின், தண்ணீர் இறைக்கும் மோட்டர். சத்தம் போட்டால்தான் அது மெசின் என்ற எண்ணம். நான் ஆறு பெயர்களையும் சொல்லிக் கொடுத்து, “எளிய பொறிகள் எமது வேலையைக் குறைக்கின்றன” என்று கொப்பியில் எழுதவைத்தேன். மூன்று நாட்களில் ஆறு பெயர்களும் பாடமாகிவிட்டன.

நான்காம் நாள் கிணற்றடியில் எல்லாம் கவிழ்ந்தது.

கிணற்றடி

பாடசாலைக் கிணற்றில் பழைய இரும்புக் கப்பி ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி, “கப்பியில் இழுத்தால் வாளி இலேசாக வரும்” என்றேன். ஒரு பிள்ளை இழுத்தாள். வீட்டில் தினமும் தண்ணீர் அள்ளுகிற பிள்ளை அவள். இழுத்துவிட்டுச் சொன்னாள்: “பாரம் ஒண்டும் குறையல்ல டீச்சர். வாளியில எவ்வளவு தண்ணியோ அவ்வளவு பாரம்தான்.”

நான் மறுத்தேன். “நேராகத் தூக்கிப் பார்த்தால் தெரியும்” என்றேன். அவள் தூக்கிப் பார்த்தாள். “இதுதான் இலேசு” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் கையால் இழுத்துப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. எனக்கு நான் சிறுமியாக இருந்தபோது சொல்லித் தந்ததை அப்படியே நான் இவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல்.

ஊருக்குள் பழைய இரும்பு வாங்க வருகிற ஐயா ஒருவரிடம் கொழுக்கித் தராசு இருக்கிறது. மேலே ஒரு வளையம், கீழே கொழுக்கி, நடுவில் முள் ஓடும் வட்டம். இரண்டு கிழமைக்கு இரவல் கேட்டேன். “பள்ளிக்கூடத்துக்கா, கொண்டுபோங்க டீச்சர்” என்று தந்தார். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

2 லீற்றர் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தராசில் தொங்கவிட்டோம். போத்தலின் எடையும் சேர, முள் 2 கிலோவைத் தாண்டியது. சரியாக 2 கிலோவில் நிற்கும்வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குறைத்தார்கள். இந்த வேலைக்கே பத்து நிமிடம் போனது. யார் ஊற்றுவது என்று ஒரு சண்டையும் நடந்தது. தசமக் கணக்குப் பிள்ளைகளைக் குழப்பும் என்பதால் 100 கிராமை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். போத்தல் 20 பங்கு.

கிணற்றுக் கப்பியில் கயிற்றைப் போட்டு, கயிற்றின் மறுநுனியில் தராசைக் கட்டி மெதுவாக இழுத்தபோது முள் 23-க்குப் போனது. இருபது அல்ல, இருபத்து மூன்று. அந்தப் பிள்ளை சொன்னது சரி, நான் சொன்னது பிழை. துருப்பிடித்த கப்பியின் உராய்வுக்கும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஒருவன் ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து அச்சில் விட்டான். முள் 21-க்கு இறங்கியது. 20-க்குக் கீழே போகவே இல்லை, எவ்வளவு எண்ணெய் விட்டும்.

“அப்ப ஏன் கப்பி போட்டிருக்கு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதே பிள்ளைதான் சொன்னாள்: கப்பி இல்லாவிட்டால் கிணற்றுக்குள் குனிந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும், முதுகு நோகும், விழவும் கூடும். கப்பியென்றால் நிமிர்ந்து நின்று, உடம்புப் பாரத்தையும் போட்டுக் கீழ்நோக்கி இழுக்கலாம். நிலைத்த கப்பி விசையின் திசையை மட்டுமே மாற்றுகிறது என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

விலை என்ன?

அடுத்த நாள் இன்னொரு கப்பியைப் போத்தலோடு சேர்த்துக் கட்டினோம். கயிற்றின் ஒரு நுனி வேப்பமரக் கிளையில். கயிறு கீழே வந்து கப்பியைச் சுற்றி மறுபடி மேலே போகிறது. இது அசையும் கப்பி. முள் 13-இல் நின்றது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். “பாதியாப் போச்சு!” சரியாகப் பாதி இல்லை, கப்பியின் எடையும் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. ஆனாலும் பெரிய வித்தியாசம்.

இந்த இடத்தில் என் வாயில் தற்செயலாக வந்த ஒரு கேள்விதான் மிச்சப் பாடங்களை நடத்தியது. “சும்மா தருமா மனே? விலை என்ன?”

விலையைக் கண்டுபிடிக்கக் கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள். போத்தலை 50 சென்றிமீற்றர் உயர்த்த 100 சென்றிமீற்றர் கயிறு இழுபட்டது. இதுதான் விலை. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுக்க வேண்டும். 1600-ஐ ஒட்டிக் கலிலியோ பொறிகளைப் பற்றி எழுதியபோது அழுத்திச் சொன்ன கருத்தும் இதுவே: எந்தப் பொறியாலும் இயற்கையை ஏமாற்ற முடியாது.

பிறகு சாய்தளம். 150 சென்றிமீற்றர் பலகையின் ஒரு நுனியை 50 சென்றிமீற்றர் உயரத்தில் வைத்தோம். நெல் மூட்டையைப் பலகைபோட்டு டிரெக்டர் பெட்டியில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் போத்தலை ஒரு துணிப்பையில் போட்டுப் பலகையில் இழுத்தோம்: 14 பங்கு. பிறகு பொம்மை லொறியில் வைத்து இழுத்தோம்: 8 பங்கு. இரண்டு தடவையும் பையோ லொறியோ சேர்ந்து 20 பங்காக வரும்படி தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். அதை ஒரு பிள்ளை ஞாபகப்படுத்தியிருக்காவிட்டால் நான் மறந்திருப்பேன்.

கரும்பலகையில் பங்கையும் தூரத்தையும் பெருக்கச் சொன்னேன். விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவதைத்தான் விஞ்ஞானத்தில் வேலை என்கிறோம். நேராகத் தூக்கினால் 20 × 50, ஆயிரம். அசையும் கப்பியில் 13 × 100, ஆயிரத்து முந்நூறு. லொறியில் 8 × 150, ஆயிரத்து இருநூறு. துணிப்பையில் 14 × 150, இரண்டாயிரத்து நூறு.

எல்லாவற்றிலும் குறைந்தது வெறும் கையால் தூக்கியதுதான். வகுப்பு அமைதியாகிவிட்டது. முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: “அப்ப பொறி வேலையைக் கூட்டுது தானே டீச்சர்? நீங்க குறைக்கும் எண்டு எழுதவச்சீங்க?”

கொப்பியைத் திறந்து அந்த வாக்கியத்தை வெட்டச் சொன்னேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று அவர்களையே கேட்டேன். நிறையப் பேச்சுக்குப் பிறகு வந்தது இது: “பொறி வேலையைக் குறைக்காது. ஒரே நேரத்தில் போட வேண்டிய பலத்தைக் குறைக்கும். அதற்குக் கூடத் தூரம் போக வேண்டும்.” இதைவிட நல்ல வாக்கியம் எனக்கு வரவில்லை. கடைசி வரி எல்லாப் பொறிக்கும் பொருந்தாது என்பது சைக்கிளில்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதே நாளில் ஒருவன் நியாயமான ஒரு சந்தேகம் கிளப்பினான். “பலகை அசையாம கிடக்கு. அது எப்படி டீச்சர் பொறி?” அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். கி.பி. முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன் பாரம் நகர்த்தும் கருவிகளாகப் பட்டியலிட்டவை ஐந்துதான். அவற்றில் சாய்தளம் இல்லை. சாய்தளத்தில் விசை எவ்வளவு குறையும் என்ற கணக்கைக் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-இல் வெளியிட்டார். மறுநாள் வந்து அந்தப் பையனிடம் சொன்னேன், “உன்னைப் போலவே ஹெரோனின் பட்டியலிலும் பலகைக்கு இடமில்லை” என்று. அன்று முழுக்க அவன் நடையே வேறாக இருந்தது.

பாக்குவெட்டியும் அலவாங்கும்

நெம்புக்குப் பாடநூல் தரும் சொற்கள் பொறுதி (நெம்பு தாங்கித் திரும்பும் இடம்), சுமை, எத்தனம் (நாம் போடும் விசை). எத்தனம் என்ற சொல் பிள்ளைகளுக்குப் புதிது. “எத்தனிக்கிறது, அதாவது முயற்சி செய்கிறது” என்று சொன்னதும் ஒட்டிக்கொண்டது. அலவாங்கால் முற்றத்தில் கிடந்த கல்லைப் புரட்டினோம். அலவாங்கு என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்குப் பொருள் நெம்பு. நாம் தினமும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே அதை வேறெங்கோ தேடியிருக்கிறோம்.

ஆனால் நெம்பைப் புரியவைத்தது அலவாங்கு அல்ல, பாக்குவெட்டி. ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பெத்தாவின் (பாட்டியின்) பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கி வந்தாள். நான் பாக்கைப் பிடித்தேன், பிள்ளைகள் முறைவைத்துக் கைப்பிடியை அமத்தினார்கள். பாக்கு அலகின் நுனியில் இருந்தபோது ஒருவராலும் வெட்ட முடியவில்லை. மூட்டுக்குக் கிட்டத் தள்ளியதும் ‘டக்’ என்று இரண்டாகியது. “பெத்தா எப்பவும் உள்ளுக்குத் தள்ளித்தான் வெட்டுவா” என்றாள் கொண்டுவந்த பிள்ளை. பொறுதி ஒரு நுனியில், எத்தனம் மறு நுனியில், சுமை நடுவில். விலை? கைப்பிடி ஒரு சாண் நகர, பாக்குக்குள் அலகு விரலளவுகூடப் போகவில்லை.

அதற்குள் இன்னொரு விஷயமும் ஒளிந்திருந்தது. கைப்பிடி நெம்பு. அலகின் கூர் ஆப்பு. இரண்டும் சேர்ந்ததால்தான் பாக்கு வெட்டுப்படுகிறது. கூட்டுப் பொறி என்ற சொல்லை நான் முதலில் கரும்பலகையில் எழுதியது அந்தப் பாக்குவெட்டிக்குப் பக்கத்தில். கத்தரிக்கோல், கோடரி, மண்வெட்டி என்று பிள்ளைகள் தாங்களாகவே பிரித்துக்கொண்டு போனார்கள். தேரோட்டத்தில் சில்லின் கீழ்க் கொடுக்கிற கட்டையும் ஆப்புத்தான் என்று கொக்கட்டிச்சோலைத் தேர் பார்த்த ஒருவன் சேர்த்தான். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

நான் சறுக்கிய இன்னோர் இடம்

பொம்மை லொறியைச் “சில்லும் அச்சாணியும்” என்று பெயரிட்டிருந்தேன். எங்கள் பாடசாலையில் மேல் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிற சேர் அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், அது வேற, இது வேற” என்றார். உருளும் சில்லு உராய்வைக் குறைக்கிறது, அவ்வளவுதான். சில்லும் அச்சாணியும் என்று ஒரு பொறியைச் சொல்வது, பெரிய சில்லும் சிறிய அச்சும் ஒன்றாகச் சுழன்று விசையைப் பெருக்கும்போது. தண்ணீர்க் குழாயின் பிடி, மரத்தில் சொருகிய திருப்புளியின் தடித்த பிடி, இவைதான் உதாரணம். மாட்டு வண்டில் சில்லைப் படமாகப் போட்டுப் பெயர் எழுதிய தாள்களை நான் எத்தனை வருடமாக ஒட்டியிருக்கிறேன்! இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாக்க நான் செய்த முயற்சி பாதிதான் சரிவந்தது. திருப்புளியின் பிடியைக் கழற்றி வெறும் கம்பியை விரலால் திருப்பச் சொன்னேன், வித்தியாசம் உணர்ந்தார்கள். ஆனால் இறுதிக் கேள்வித்தாளில் அரைவாசிப் பேர் மறுபடியும் வண்டில் சில்லையே வரைந்தார்கள்.

சைக்கிள்: விலை மறுபக்கம்

எல்லாரும் சைக்கிளில் வருகிற ஊர். கூட்டுப் பொறிக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது என்று நினைத்து என் சைக்கிளையே மரத்தடியில் கவிழ்த்து வைத்தேன். பிறேக் பிடி நெம்பு, பெடலும் அதன் தண்டும் சில்லும் அச்சாணியும், ஆணிகள் திருகு என்று அடையாளம் கண்டார்கள். முன் பற்சில்லில் 44 பல், பின்னால் 18. எண்ணி முடிக்கும்வரை கைகளெல்லாம் கறுப்புக் கிறீஸ்.

நிமிர்த்தி வைத்து, ரயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை முன்னால் தள்ளினோம். சைக்கிள் 5 மீற்றர் அளவு போனது. பெடல் போன வட்டத்தைக் கயிற்றால் அளந்தால் 1 மீற்றரைக் கொஞ்சம் தாண்டியது.

இங்கே பிள்ளைகள் நின்றார்கள். இதுவரை பலத்தைக் குறைத்த எல்லாப் பொறியிலும் நாம்தான் கூடத் தூரம் போனோம். இங்கே சைக்கிள்தான் கூடத் தூரம் போகிறது. “அப்ப விலை?” கொஞ்ச நேரத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: கால் மிதிக்கிற பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் நிலத்தைத் தள்ளுகிறது. பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதன் காரணம் இதுதான். விலையை விசையாகவும் கொடுக்கலாம், தூரத்தை வாங்கலாம். அன்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதியதைத் திருத்தாமல் விட்டேன்: “சைக்கிள் இலேசாக்காது. கெதியாக்கும்.”

துருசு

கடைசிப் பாடத்தை வெளியில் வைத்தோம். சிறுபோகம் வெட்டி முடிந்து வாய்க்கால் காய்ந்திருந்த நேரம். அதிபரின் அனுமதியோடும் இரண்டு பெற்றோரோடும் கிளை வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து மூடும் மதகான துருசுக்குப் போனோம். குளத்து வான்கதவுப் பக்கம் போகவில்லை; பத்து வயதுப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோக நான் துணியமாட்டேன். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் வட்டவிதானை ஐயா கழற்றி வைத்திருந்த கைபிடியைக் கொண்டுவந்து மாட்டினார். இரும்புக் கதவு, அதன் மேல் நீண்ட திருகுத் தண்டு, தலையில் கைபிடி. ஒல்லியான ஒரு பிள்ளை சுற்றினாள். கதவு எழும்பியது.

பத்துச் சுற்றுக்குக் கதவு 10 சென்றிமீற்றர். ஒரு சுற்றுக்குக் கை போகிற வட்டம் கயிற்றளவில் 190 சென்றிமீற்றர். ஆக, கதவு 1 சென்றிமீற்றர் ஏற, கை 190 சென்றிமீற்றர் சுற்றுகிறது. பிள்ளைகளுக்கு இப்போது என்ன கேட்பதென்று தெரியும். “பெரிய விலை!” என்றார்கள்.

பையன் ஒருவன் ஐயாவிடம் கேட்டான், “கைய விட்டா கதவு கீழ வந்திராதா?”

“வராது மனே. விட்டுப் பாரு.”

விட்டார்கள். கதவு நின்ற இடத்தில் நின்றது. இதுவரை உராய்வு எங்களுக்குக் கள்ளனாகவே இருந்தது: கிணற்றுக் கப்பியில் 3 பங்கைத் தின்றது, பலகையில் துணிப்பையைப் பிடித்து வைத்தது. இங்கே அதே உராய்வுதான் கதவைத் தாங்குகிறது. தானாகக் கழன்று இறங்காத திருகில் நாம் போடும் வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். அந்த நட்டம் இல்லாவிட்டால் கைபிடியை இரவு முழுக்க யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஐயாவுக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. “எண்ணெய் கூடவும் விடப்படாது எண்டு எங்கட அப்பா சொல்லுவார்” என்றார்.

மழை தொடங்குமுன் ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். 19 பேரில் 6 பேர் “பொறி வேலையைக் குறைக்கும்” என்றே எழுதியிருந்தார்கள். வெட்டச் சொன்ன வாக்கியம் வெட்டுப்படவில்லை. கிணற்றுக் கப்பிக் கேள்விக்கு மட்டும் ஒருவர்கூடப் பிழைவிடவில்லை. ஆறு பெயர்களையும் நான் முதலில் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த வருடம் தராசோடு தொடங்கி, பெயர்களைக் கடைசியில் வைப்பதாக இருக்கிறேன். இரண்டு கிழமைக்கு என்று வாங்கிய தராசை ஆறு கிழமை கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். பழைய இரும்பு ஐயா ஒன்றும் சொல்லவில்லை, முள் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

தவணை முடிகிற கிழமையில், முதல் நாள் நான் இருத்திவிட்ட பையன் ஒரு பையோடு வந்தான். உள்ளே எலிப்பொறி. மரப்பலகை, சுருள்வில், கம்பி, கருவாடு குத்துகிற கொக்கி. ஒவ்வொன்றிலும் துண்டுத் தாள் ஒட்டியிருந்தான். கொக்கி: நெம்பு. கம்பி: நெம்பு. மூட்டில் ‘பொறுதி’. எல்லாம் சரிதான். ‘எத்தனம்’ என்ற தாள் மட்டும் எதிலும் ஒட்டப்படாமல் கையில் இருந்தது.

“அது எங்க மனே ஒட்டணும்? எலியா எத்தனம்?”

“இல்ல டீச்சர். எலி தொட்டா மட்டும்தான். பலம் போட்டது ராவு இந்தக் கம்பிய இழுத்து வச்ச ஆள்.” தாளை என்னிடம் நீட்டினான். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘அம்மா, நேற்று’.